மந்திரி ஃபெல்கேட்டும் ஆல்டர்விக் பாலமும்

ஆல்டர்விக்,
மார்ச் 3, 1856

ஆம்புரோஸ்,

நீ மந்திரியாகப் போகிறாய் என்று உன் கடிதம் வந்தது. படித்து முடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மீன் விற்கும் மிஸஸ் கட்லாக் பின்வாசலில் வந்து நின்றாள். கூடையை இறக்கவில்லை.

"ஏம்மா, உங்க தம்பி லண்டன்ல உக்காந்துக்கிட்டு நம்மளப் பத்தி என்ன சொன்னாராம், தெரியுமா? பேப்பர்ல போட்டிருக்கு. ஸ்டோக்ஸ் ஐயா கடைத்தெருவுல நின்னு சத்தமா படிச்சாரு. ஊரே கேட்டுச்சு. இன்னைக்கு உங்களுக்கு மீன் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போயேவிட்டாள்.

பேப்பரை வரவழைத்துப் பார்த்தேன். யாரோ ஒரு பிரபு வீட்டு விருந்தில், உங்கள் ஊர்க்காரர்கள் உங்களிடம் என்னதான் கேட்கிறார்கள் என்று ஒரு சீமாட்டி கேட்டாளாம். நீ சொன்னாயாம்: "ஆற்றுக்கு ஒரு பாலம் கேட்கிறார்கள், அம்மணி. நான் இக்கரைக்காரர்களையும் பார்த்திருக்கிறேன், அக்கரைக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். இவர்கள் சந்தித்துக்கொள்ளாமல் இருப்பதுதான் இரண்டு பேருக்கும் நல்லது." விருந்து மேசையே குலுங்கியதாம்.

இங்கே ஒருவரும் குலுங்கவில்லை. பீப்பாய் செய்யும் ரூபன் தோர்ப்பின் மனைவி போன நவம்பரில் ஓடம் கவிழ்ந்து செத்துப்போனதை உனக்கு எழுதினேன். அக்கரையில் பிரசவத்துக்குக் கிடந்த தங்கையைப் பார்க்கப் போனவள். உன் பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏதோ ஒரு பிஷப்பின் தொப்பையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

உனக்கு நான் சட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை. மந்திரியாகிறவன் சொந்தத் தொகுதிக்கு வந்து மறுபடியும் தேர்தலில் நின்று ஜெயித்தால்தான் பதவி நிலைக்கும். வழக்கமாக எதிர்த்து யாரும் நிற்பதில்லை. மேடை ஏறி, தொப்பியைத் தூக்கி, இறங்கினால் முடிந்தது. இந்த முறை தோல் பதனிடும் ஓபதையா ஸ்டோக்ஸ் நிற்கிறார். இருபத்திரண்டு வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து காத்துக்கிடந்தாய். கடைசியில் வந்த பதவியை ஒரு வாய் சோற்றுக்கு நடுவே தொலைத்துவிட்டு வந்து நிற்கிறாயே, உன்னை என்ன செய்தால் தகும்?

உடனே மன்னிப்புக் கேள். ஒழுங்காகக் கேள்.

ஹெஸ்டர்


லண்டன்,
மார்ச் 6, 1856

அக்கா,

மந்திரியானதற்கு உன்னிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நான்கு தடவை தபாலைப் பார்த்தேன். வந்தது ஒரு மீன்காரியின் சாபம்.

ஒரு விருந்தில், சூப்புக்கும் ஆட்டுக்கறிக்கும் நடுவில், காது கேளாத ஒரு கிழவியிடம் சொன்ன பேச்சு அது. அவளுக்கே அது சரியாகக் கேட்டிருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எவனோ பேப்பர்காரனிடம் போய் ஒப்பித்திருக்கிறான். நான் தீர்மானம் கொண்டுவந்தால் இந்தப் பேப்பர்காரர்களில் ஒருவன்கூடப் பென்சிலைத் தொடமாட்டான். கல்விச் சட்டத்தைப் பற்றி மூன்று மாதம் உழைத்து ஒரு பேச்சுப் பேசினேன், நினைவிருக்கிறதா? "சர் ஆம்புரோஸ் ஃபெல்கேட்டும் பேசினார்" என்று போட்டார்கள். அவ்வளவுதான். வாய் தவறி ஒன்று சொன்னால் மட்டும் ஆல்டர்விக் வரைக்கும் ரயிலேறி வந்துவிடுகிறது.

இதனால் நான் பட்டது போதாதா? முன்பிருந்த ஒரு பிரதமர் கொள்கையை மாற்றிக்கொண்டார் என்று எல்லோரும் அவரைத் திட்டியபோது, "அநியாயம், இல்லாததை எப்படி மாற்ற முடியும்?" என்றேன். அவருக்குப் பரிந்துதான் பேசினேன்! ஆறு வருடம் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அடுத்து வந்தவர் பேசினால் கேட்பவர்களுக்கு வயதாகிறது என்றேன். அவரும் கதவைச் சாத்திவிட்டார். இப்போதிருப்பவர் என்னைக் கூப்பிட்டதற்கே காரணம், அவரைப் பற்றி நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்பதுதான்.

தோர்ப்பின் மனைவி விஷயம் நீ எழுதியிருந்தாய், மறுக்கவில்லை. படித்தேன், மறந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் ஆணைப்படி மன்னிப்புக் கடிதம் எழுதி உங்கள் ஊர்ப் பேப்பருக்கே அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை வரும். இனி நிம்மதியாகத் தூங்கு.

ஆம்புரோஸ்


ஆல்டர்விக்,
மார்ச் 10, 1856

ஆம்புரோஸ்,

வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஆல்டர்விக் மக்களைப் புண்படுத்தும் எண்ணம் எனக்கு எள்ளளவும் இருந்ததில்லை. எண்ணமே இல்லாமல் இதை இவ்வளவு நன்றாகச் செய்ய முடியும் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது." இதற்குப் பெயரா மன்னிப்பு? முதல் வாக்கியத்தோடு பேனாவைக் கீழே வைத்திருக்கக் கூடாதா? அந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதச் சொல்லி உன் கழுத்தில் யாராவது கத்தி வைத்தார்களா?

நேற்று கடைத்தெருவில் வைக்கோலால் உன்னைப் போல ஒரு பொம்மை செய்து, நீளமாக ஒரு மூக்கு வைத்து, ஆற்றில் தூக்கிப் போட்டார்கள். "நீந்திக்கிட்டு வாங்க சாரே, உங்களுக்குத்தான் பாலம் வேணாமே!" என்று கரையில் நின்று ஒரே கூச்சல். கெட்ட முட்டைக்கு ஊரில் கிராக்கி. கோழி வளர்ப்பவர்கள் நல்ல முட்டையையும் கெட்டதென்று சொல்லி விற்கிறார்கள். நம் வீட்டுச் சமையல்காரி ஆக்னஸ் கோபத்தில் தினமும் உப்பை அள்ளிக் கொட்டுகிறாள். ஸ்டோக்ஸ் வீடு வீடாகப் போய் உன் இரண்டு வாக்கியத்தையும் படித்துக்காட்டுகிறார். அவர் சொந்தமாக எதுவும் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டாய்.

நேற்று சாயங்காலம் தோர்ப்பின் பட்டறைக்குப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உனக்காக மன்னிப்புக் கேட்டேன்.

"உங்க தம்பி மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லம்மா. பெரிய மனுசங்க பேசுறது எனக்குப் புரியல, அவ்வளவுதான். சிரிக்கிறதுக்கு அதுல என்ன இருக்குன்னு ரெண்டு மூணு பேருகிட்ட கேட்டேன். அவங்களுக்கும் சொல்லத் தெரியல" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இனி மேடை ஒன்றுதான் மிச்சம். பத்தொன்பதாம் தேதி சந்தைத் திடலில் மேடை போடுகிறார்கள். முதலில் நீ பேச வேண்டும், பிறகு ஸ்டோக்ஸ். ஊர் கை தூக்கும். யாருக்குக் கை அதிகம் என்று மேயர் பார்த்துச் சொல்வார். அதில் நீ தோற்றால் அடுத்த நாள் ஓட்டுப்பதிவில் உனக்கு ஓட்டுப் போட நினைப்பவன்கூடப் பயந்துபோய் வீட்டிலேயே இருந்துவிடுவான். அதனால் கேள். மேடையில் நின்று உன் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சு, ஒரே ஒரு குத்தல் வந்தாலும், நான் இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு கடலோரம் போய்விடுவேன். இருபத்திரண்டு வருடமாக உன் தொகுதியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். குழந்தைகளின் ஞானஸ்நானத்துக்கும் கிழவர்களின் சாவுக்கும் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு நான்தான் போய் நிற்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது.

நல்ல மனிதனாக வா. நேராகப் பேசு. பாலம் கட்டித்தருகிறேன் என்று சொல்.

ஹெஸ்டர்


லண்டன்,
மார்ச் 13, 1856

அக்கா,

வருகிறேன். நீ சொன்னபடியே பேசுகிறேன்.

ஆனால் நீ கேட்பது என்ன என்று உனக்குத் தெரியுமா? பார்லிமென்டில் என் முதல் பேச்சு உனக்கு நினைவிருக்காது, நீ அங்கே இல்லை. தானிய வரியைப் பற்றிப் பேசினேன். ஒவ்வொரு வரியும் மனமாரப் பேசினேன். முன்வரிசைக்காரர்கள் கதை பேசினார்கள், ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். என் குரல் நடுங்கிக்கொண்டே போனது. தாங்க முடியாமல், தூங்குகிற அந்த மனிதரைக் காட்டி, "கனம் உறுப்பினர் மட்டும்தான் என் கருத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கிறார்" என்றேன். சபை முழுக்கச் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பியது. அந்தச் சூடு எப்படியிருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்! அன்றிலிருந்து எழுந்து நிற்கும்போதெல்லாம் அந்த முகங்கள் என் பக்கம் திரும்ப வேண்டும் என்றுதான் வாயைத் திறக்கிறேன். அது இல்லாமல் பேசச் சொன்னால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது.

பேச்சை எழுதிவிட்டேன். கோயிலில் பாவமன்னிப்புக் கேட்பவன்கூட இவ்வளவு உப்புச் சப்பில்லாமல் பேசமாட்டான். வேடிக்கையாக எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று என் செயலாளரை விட்டுத் தேடச் சொன்னேன். "ஒண்ணுமே இல்லீங்களே ஐயா, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டான்.

ஒரே ஒரு உதவி செய். மேடைக்கு எதிரே இருக்கும் விடுதியின் மாடி ஜன்னலில் உட்கார்ந்துகொள். தடுமாறினால் உன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆம்புரோஸ்


லண்டன்,
மார்ச் 20, 1856

அக்கா,

வீட்டுக்கு வராமல் நேராக ரயிலடிக்குப் போனதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஜெயித்துவிட்டேன். நீயும் பார்த்தாய். தூக்கிய கைகள் அறுப்புக்கு நின்ற கோதுமை போல இருந்தன. ஓட்டுப்பதிவே வேண்டாம் என்று ஸ்டோக்ஸ் அங்கேயே விலகிக்கொண்டார். அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து என் கையைக் குலுக்கி, "உங்க கூட யாரு சார் போட்டி போட முடியும்!" என்றார்.

நான் செய்த தவறு என்ன, சொல். "நண்பர்களே, நான் வெட்கப்படுகிறேன்" என்று ஆரம்பித்தேன். கொல்லென்று சிரித்தார்கள். ஏதோ காற்று வாக்கில் சட்டை தூக்கிக்கொண்டதோ என்று குனிந்து பார்த்தேன். அதற்கும் சிரித்தார்கள். "உங்களைப் பற்றி நான் சொன்னது கேவலமான பேச்சு" என்றேன். தொப்பிகள் மேலே பறந்தன. முட்டை கொண்டுவந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பில் அவரவர் பையிலேயே உடைத்துக்கொண்டார்கள். குரலை உயர்த்தினேன், சிரித்தார்கள். குரல் உடைந்தது, இன்னும் சிரித்தார்கள். "இந்த ஆற்றில் ஒரு பெண் செத்துப்போயிருக்கிறாள், அவள் பெயர் மேரி தோர்ப், அந்தப் பெயரை நான் மறந்துபோனேன்" என்றேன். அக்கா, அதற்குக்கூட முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்து வரப்போகும் வேடிக்கைக்காகக் கொஞ்சம் முன்கூட்டியே சிரித்து வைத்தார்கள்.

கூட்டத்தைக்கூட விட்டுவிடுகிறேன். அந்த இடத்தில்தான் நான் ஜன்னலைப் பார்த்தேன். நீ கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாய். முதலில் அழுகிறாய் என்று நினைத்தேன். பிறகு உன் கண்ணைப் பார்த்தேன். எனக்கு உன் சிரிப்பு தெரியாதா?

ஆம்புரோஸ்


ஆல்டர்விக்,
மார்ச் 23, 1856

ஆம்புரோஸ்,

ஆமாம், சிரித்தேன். என்ன செய்யச் சொல்கிறாய்?

அந்த முகத்தை வைத்துக்கொண்டு "வெட்கப்படுகிறேன்" என்கிறாய்! நீ எப்போது அந்த முகத்தை வைத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு குறும்பு வரும். அப்பாவின் சாவுக்கு வந்த பாதிரியாரிடம்கூட இதே முகத்தோடுதான் பேசினாய். நான் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் வேடிக்கை வேண்டாம் என்று உன்னை வதைத்தவளே நான்தான். நீ எழுதிவைத்த பேச்சில் அப்படி ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிற்றிலிருந்து பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை வருடம் என்னைச் சிரிக்கப் பழக்கியது யார்? பழக்கிவிட்டு இப்போது வந்து, ஏன் சிரித்தாய் என்று நியாயம் கேட்கிறாய். எனக்கு உன்மேல் வருகிற எரிச்சலில் பாதி என்மேல்தான்.

மிஸஸ் கட்லாக் நேற்று கூடை நிறைய மீனோடு வந்தாள். "என்னமா நடிச்சாரும்மா! மூஞ்சிய அப்படியே தொங்கப் போட்டுக்கிட்டு... எம் புருசன் ராத்திரி தூக்கத்துல கூட சிரிச்சாரு. இப்படி ஒரு மனுசன் நம்ம ஊருக்கு கெடைக்கணுமே!" என்றாள். அவர் உண்மையாகத்தான் பேசினார் என்று சொன்னேன். "போங்கம்மா, நீங்க வேற" என்று ஒரு மீனை அதிகமாகவே போட்டுவிட்டுப் போனாள்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ரூபன் தோர்ப் ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மனைவி பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார். கூட்டம் சிரித்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஊரைக் கூட்டி வைத்து அவளைக் கேலி செய்தாய் என்றுதான் அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காராதே. நீ இப்போது மந்திரி. பாலத்தைக் கட்டு.

ஹெஸ்டர்


லண்டன்,
ஜூன் 28, 1856

அக்கா,

மூன்று மாதமாக உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், எழுத நல்ல சேதி எதுவும் இல்லை. இன்று இருக்கிறது. ஆனால் வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன்.

முதலில் மந்திரிசபையில் சொன்னேன். "ஆல்டர்விக்குக்குப் பாலம் வேண்டும்" என்று வாயைத் திறந்ததும் பிரதமர் மேசையில் தட்டிச் சிரித்தார். "இரண்டு கரைக்காரர்களும் சந்திக்கக் கூடாது என்றீர்களே ஃபெல்கேட்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். தனியாகப் போய்ப் பார்த்தேன். நான் கதவுக்கு வெளியில் நிற்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பிறகு சபையிலேயே எழுந்தேன். ஓடம் கவிழ்ந்து செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எதிர்க்கட்சி வரிசையில் ஒருவர், இந்த வருடத்தின் மிகச் சிறந்த வேடிக்கைப் பேச்சு இதுதான் என்று பாராட்டினார். மசோதா தோற்றது. அவரும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டார்.

மறுநாள் பிளெங்கின்சாப்பைத் தேடிப் போனேன். உனக்கு அவரைத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். அவர் எழுந்தால் சபை காலியாகும். சாக்கடைகளைப் பற்றி ஒரு முறை பேசி, கதவோரத்தில் நின்ற காவல்காரனையே உட்காரவைத்துவிட்டார். அவருடைய பதினாறு பரம்பரையிலும் எவரும் சிரித்திருக்கமாட்டார்கள். "இந்த மசோதாவை நீங்கள் கொண்டுவர வேண்டும், என் பெயர் எங்குமே வரக் கூடாது, வந்தால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள்" என்றேன்.

"தங்களுக்கு இதில் அக்கறை இருக்கிறதா?" என்று கேட்டார்.

"ரொம்ப அக்கறை இருக்கிறது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, அக்கா! அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நேற்று சாயங்காலம் எழுந்து நின்றார். ஆற்றின் அகலம் என்றார், மண்ணின் தன்மை என்றார், மரத்தூணா கல்தூணா என்றார். ஒவ்வொருவராக எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் எப்போது முடிப்பார் என்று ஏங்கி, ஓட்டென்று கேட்டதும் 'சரி, சரி' என்றார்கள். ஒரு கொட்டாவியில் பாலம் கிடைத்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக நான் பேசிய பேச்சுகளெல்லாம் சேர்ந்து ஒரு மதகுகூடக் கட்டவில்லை.

நீயும் ஊரில் யாரிடமும் மூச்சு விடாதே. முதல் கல் வைப்பதற்குள் என் பெயர் வெளியே வந்தால், இது ஃபெல்கேட்டின் வேடிக்கை என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள்.

ஆம்புரோஸ்


ஆல்டர்விக்,
செப்டம்பர் 14, 1858

ஆம்புரோஸ்,

நேற்று பாலத்தைத் திறந்தார்கள். வரமாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடித்ததில் எனக்குத் தீராத கோபம். எல்லாவற்றையும் நான் ஒருத்தியாகவே பார்க்க வேண்டியிருந்தது.

பிளெங்கின்சாப் வெயிலில் ஒரு மணி நேரம் பேசினார். பேண்டு வாத்தியக்காரர்கள் உட்கார்ந்தே தூங்கினார்கள். ஊர் அவரைத் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. பாலத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். மேயர் பேச்சில் உன்னையும் ஒரு வரியில் சேர்த்துக்கொண்டார்: "நம் மந்திரியார் நம்மைச் சிரிக்க வைத்தார், பிளெங்கின்சாப் பாலம் கட்டிக் கொடுத்தார்." கூட்டம் ஆரவாரம் செய்தது. எனக்கு நெஞ்சு கொதித்தது.

சரி, சொல்லிவிடுகிறேன். உன் வேடிக்கை என்று யாரும் இனி நிறுத்த முடியாது. பாலம் எழுந்து நிற்கிறது. அதனால் உன் பேச்சை மீறிவிட்டேன். ஒரே ஒருவரிடம் மட்டும்.

கூட்டம் விருந்துக்குப் போன பிறகு பாலத்தில் நடந்து பார்த்தேன். நடுவில் ரூபன் தோர்ப் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். மனிதர் இந்த இரண்டு வருடத்தில் பாதியாகிவிட்டார். ஓடத்தில் ஏறமாட்டேன் என்று இருந்தவர். மைத்துனியின் குழந்தையைப் பார்க்க முதல் தடவையாக அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"பிளெங்கின்சாப் ஐயா நல்ல மனுசன்மா. அவரு பேசுனது ஒண்ணும் எனக்கு வெளங்கல. ஆனா வெறும் வாய்ப்பேச்சோட நிக்காம கட்டிட்டாருல்ல" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ரூபன், கேட்டுக்கோங்க. இதை அவர் கட்டல. இது முழுக்க முழுக்க என் தம்பி செஞ்சது. பேர் வெளிய வரக்கூடாதுன்னு அவர்கிட்ட கொடுத்து செய்யச் சொன்னான். உங்க மேரியை நெனச்சுத்தான் செஞ்சான்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. மெதுவாக அவர் உதடு கோணியது. பிறகு தோள் குலுங்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் ஆம்புரோஸ், நிற்க முடியாமல் அப்படியே கீழே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அவள் போன பிறகு அந்த மனிதர் சிரித்து இந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

"உங்க குடும்பமே இப்படித்தான்மா" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு.

அடித்துச் சொல்லியிருக்கலாம். பைபிளின்மேல் சத்தியம் செய்திருக்கலாம். ஆனால் அவர் எழுந்திருக்கக் கை கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஹெஸ்டர்